கோழித்தீவனக் கணக்கை எக்ஸெல் சால்வரில் போடுவது எப்படி

நூறு கிலோ முட்டைக்கோழித் தீவனம் அரைக்க வேண்டும். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, எண்ணெய் எடுத்த தவிடு, கிளிஞ்சல் என்று நான்கு பொருள் இருக்கிறது. புரதம், எரிசக்தி, கால்சியம் மூன்றும் ஓர் அளவுக்குக் கீழே போகக்கூடாது, ஆனால் செலவு எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைய வேண்டும். எதை எத்தனை கிலோ போடுவது? லீனியர் புரோகிராமிங் என்றால் இந்தக் கேள்விதான். பள்ளி வணிகக் கணிதத்தில் இரண்டு மாறிகளை வைத்து வரைபடம் போட்டு, மூலைப்புள்ளி பார்த்து விடை எழுதியிருப்பீர்கள். நான்கு பொருள் வந்துவிட்டால் வரைபடம் உதவாது, எக்ஸெல்லுக்குள் இருக்கும் சால்வர் என்ற கருவி உதவும். நாமக்கல் பக்கம் தீவனம் அரைப்பவர்களுக்கு இது தினசரி வேலை, அதனால் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். லாரி லோடு, தையல் யூனிட், பேக்கரி எதுவானாலும் போடும் முறை இதேதான்.

எக்ஸெல்லைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயத்தைத் தமிழிலேயே எழுதிவிடுங்கள். நான் எதை முடிவு செய்யப்போகிறேன்? நான்கு பொருளின் கிலோ அளவை. எதைக் குறைக்கப்போகிறேன்? மொத்தச் செலவை. எதை மீறக்கூடாது? இந்த மூன்றாவது கேள்வியில்தான் முக்கால்வாசி வேலையும் இருக்கிறது, பலரும் அவசரப்படுவதும் இங்கேதான். கணக்குப் போடுவதை சால்வர் பார்த்துக்கொள்ளும், ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட கட்டுப்பாடு அதற்குத் தெரியாது. சொல்லாததை எல்லாம் அனுமதி என்றே எடுத்துக்கொள்ளும்.

தாளில் எழுதியது இப்படி இருக்கட்டும். மொத்த எடை சரியாக 100 கிலோ. அதில் புரதம் குறைந்தது 17 கிலோ, எரிசக்தி கிலோவுக்குக் குறைந்தது 2500 கிலோ கலோரி, கால்சியம் குறைந்தது 3.8 கிலோ. இனி பொருள்கள். மக்காச்சோளம் கிலோ 24 ரூபாய், புரதம் 9 சதம், எரிசக்தி 3300 கிலோ கலோரி. சோயாப் புண்ணாக்கு 45 ரூபாய், 44 சதம், 2300. தவிடு 16 ரூபாய், 15 சதம், 2050. கிளிஞ்சல் 6 ரூபாய், புரதமும் எரிசக்தியும் கிடையாது, கால்சியம் 38 சதம். மற்ற மூன்றிலும் கால்சியம் மிகக் குறைவு என்பதால் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். விலையும் சதவீதமும் பயிற்சிக்காக நான் வைத்தவை. நிஜத் தீவனத்தில் லைசின், மெத்தியோனின், பாஸ்பரஸ், உப்பு, வைட்டமின் கலவை எல்லாம் உண்டு, பொருளின் சத்தும் லோடுக்கு லோடு மாறும். ஆய்வுக்கூடத்தில் சோதித்த எண்ணைப் போடாமல் எந்த மாடலையும் நம்பிக் கோழிக்குப் போடாதீர்கள்.

ஷீட்டை அமைப்பது

முதல் வரிசை தலைப்புகளுக்கு. ஏ பத்தியில் பொருளின் பெயர், பி பத்தியில் கிலோ, சி-யில் விலை, டி-யில் புரதம், இ-யில் எரிசக்தி, எஃப்-பில் கால்சியம். 2-ஆம் வரிசை மக்காச்சோளம், 3 சோயா, 4 தவிடு, 5 கிளிஞ்சல். பி2 முதல் பி5 வரை காலியாக விடுங்கள், அதை சால்வர்தான் நிரப்பும். அந்த நான்கு செல்லுக்கும் ஒரு மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டால், ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது எது முடிவு, எது தரவு என்று குழம்பாது. புரதத்தை 0.09, 0.44 என்று தசமமாகப் போடுங்கள். எரிசக்தியை 3300 என்று போடாமல், ஆயிரம் கிலோ கலோரியை ஓர் அலகாக வைத்து 3.30, 2.30, 2.05 என்று போடுவது நல்லது. ஒரு பத்தியில் 0.09-உம் பக்கத்துப் பத்தியில் 3300-உமாக எண்களின் அளவு ரொம்ப எட்டிப்போனால், பெரிய மாடல்களில் சால்வரின் துல்லியம் கெடும். சின்னதிலேயே அந்தப் பழக்கம் வந்துவிடட்டும்.

7-ஆம் வரிசையில் மொத்தம் வர வேண்டும். பி7-இல் பி2 முதல் பி5 வரையிலான கூட்டல், அதாவது சாதாரண சம். சி7-இல் சம்ப்ராடக்ட்: =சம்ப்ராடக்ட்($பி2:$பி5, சி2:சி5). தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கிலோவையும் விலையையும் வரிசைக்கு வரிசை பெருக்கிக் கூட்டித் தரும் ஃபார்முலா இது, லீனியர் மாடலுக்கு ஏறக்குறைய இது ஒன்றே போதும். பி-க்கு முன்னால் டாலர் குறி போட்டிருப்பதால் அப்படியே எஃப்7 வரை இழுத்துவிடலாம். விலை, புரதம், எரிசக்தி, கால்சியம் நான்குக்கும் மொத்தம் வந்துவிடும். 8-ஆம் வரிசையில் தேவை: பி8-இல் 100, டி8-இல் 17, இ8-இல் 250, எஃப்8-இல் 3.8. கிலோவுக்கு 2500 கிலோ கலோரி என்றால் நூறு கிலோவுக்கு 2,50,000, நம் அலகில் 250.

இந்தத் தேவை எண்களை நேராக சால்வர் பெட்டிக்குள் தட்டாதீர்கள். ஷீட்டில் ஒரு செல்லில் வைத்து அந்தச் செல்லைக் காட்டுங்கள். நாளைக்குப் புரதம் 18 ஆக வேண்டும் என்றால் டி8-ஐ மாற்றினால் போதும், வேறு யாராவது ஷீட்டைத் திறந்தாலும் எதற்கு என்ன வரம்பு என்று கண்ணுக்குத் தெரியும்.

சால்வரை ஓட்டுவது

எக்ஸெல்லில் சால்வர் இருந்தாலும் முதலில் தூங்கிக்கொண்டிருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய், கீழே கோ அழுத்தி, சால்வர் ஆட்-இன் பக்கத்தில் டிக் போடுங்கள். டேட்டா டேபின் வலது ஓரத்தில் வந்து உட்காரும். லிப்ரே ஆபிஸில் டூல்ஸ் மெனுவிலேயே சால்வர் இருக்கிறது. அங்கே ஆப்ஷன்ஸில் லீனியர் சால்வரைத் தேர்ந்தெடுத்து, மாறிகள் எதிர்மறையாகப் போகக்கூடாது என்ற டிக் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெட்டி திறந்ததும் செட் ஆப்ஜெக்டிவ் என்ற இடத்தில் சி7, அதன் கீழே மின். பை சேஞ்சிங் வேரியபிள் செல்ஸில் பி2:பி5. அப்புறம் ஆட் அழுத்தி ஒவ்வொரு கட்டுப்பாடாகச் சேருங்கள்: பி7 = பி8, டி7 ≥ டி8, இ7 ≥ இ8, எஃப்7 ≥ எஃப்8. எதிர்மறை வேண்டாம் என்ற டிக் எக்ஸெல்லில் ஏற்கெனவே போட்டிருக்கும், அதை எடுக்காதீர்கள். எடுத்தால் சில கணக்குகளில் மைனஸ் கிலோவில் பொருளைப் போட்டு லாபம் காட்டிவிடும். கடைசியாக சால்விங் மெத்தட். அது ஜிஆர்ஜி நான்லீனியர் என்று நிற்கும், அதை சிம்ப்ளெக்ஸ் எல்பி என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் பெரும்பாலும் விடை வரும். ஆனால் இதைவிடக் குறைந்த செலவு கிடையாது என்ற உத்தரவாதத்தோடு விடை தருவது சிம்ப்ளெக்ஸ்தான். தவிர, உங்கள் ஃபார்முலா லீனியராக, அதாவது மாறிகளை நிலையான எண்ணால் பெருக்கிக் கூட்டுவதாக மட்டும் இல்லை என்றால் அது முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும், மற்றது சொல்லாது.

சால்வ் அழுத்தினால் மக்காச்சோளம் 48, சோயா 22, தவிடு 20, கிளிஞ்சல் 10 கிலோ. செலவு 2522 ரூபாய்.

விடை வந்ததும் சந்தேகப்படுங்கள்

தவிடு 20 கிலோவா? தவிட்டில் நார்ச்சத்து அதிகம், இவ்வளவு வேண்டாம், 15-க்கு மேல் போகக்கூடாது என்று தீவனம் தெரிந்தவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜி4-இல் 15 என்று எழுதி, பி4 ≤ ஜி4 என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். செலவு 2560.90. பரவாயில்லை, முப்பத்தொன்பது ரூபாய்தானே ஏறியிருக்கிறது என்று தோன்றும். கொஞ்சம் கீழே பாருங்கள், கிளிஞ்சல் 11.5 கிலோவாக ஏறியிருக்கிறது. கால்சியம் 4.38 சதம்! தவிட்டைக் குறைத்ததும் எரிசக்தியில் கொஞ்சம் இடம் கிடைத்தது, அந்த இடத்தில் கிலோ ஆறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளிஞ்சலை எடைக்காக அடைத்துவிட்டது. கால்சியம் 3.8-க்குக் குறையக்கூடாது என்று மட்டும்தானே நாம் சொன்னோம்? கூடக்கூடாது என்று சொல்லவில்லையே. எஃப்7 ≥ எஃப்8 என்பதை எஃப்7 = எஃப்8 என்று மாற்றி ஓட்டினால் மக்காச்சோளம் 52.14, சோயா 22.86, தவிடு 15, கிளிஞ்சல் 10, செலவு 2580 ரூபாய். இதுதான் நமக்கு வேண்டிய கலவை.

இந்தக் கதை இந்தத் துறையின் ஆரம்பத்திலிருந்தே நடக்கிறது. ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1945-இல், 77 உணவுப் பொருள்களை வைத்து 9 சத்துகளும் கிடைக்கும்படி ஓர் ஆள் மிகக் குறைந்த செலவில் எப்படிச் சாப்பிடுவது என்று கணக்குப் போட்டார். 1939-ஆம் ஆண்டு விலைப்படி வருடத்துக்கு 39.93 டாலர் வந்தது. கோதுமை மாவு, முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த பீன்ஸ், கெட்டிப்பால், அவ்வளவுதான் சாப்பாடு. 1947-இல் ஜார்ஜ் டான்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்ததும் முதலில் சோதித்த பெரிய கணக்குகளில் இதுவும் ஒன்று. ஒன்பது பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களில் போட்டு, ஒரு ஆள் கணக்கில் 120 நாள் வேலைக்குப் பிறகு 39.69 டாலர் என்று வந்தது. ஸ்டிக்லர் உத்தேசமாகப் போட்டது வெறும் 24 சென்ட்தான் தள்ளியிருந்தது. அப்புறம் டான்சிக் தனக்கே உணவுத் திட்டம் போட கம்ப்யூட்டரை ஓட்டியபோது முதல் விடையில் 500 காலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரை எடுத்துவிட்டு ஓட்டினால் தினம் 200 சூப் கட்டிகள். ஒரு மனிதன் நாளைக்கு இவ்வளவுதான் சாப்பிட முடியும் என்ற மேல் வரம்பை யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதனால் விடை வினோதமாக வந்தால் சால்வரைத் திட்டாதீர்கள். எந்தக் கட்டுப்பாட்டைத் தாளில் எழுத மறந்தீர்கள் என்பதை அந்த வினோதமே காட்டிக்கொடுக்கும்.

சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டைப் படிப்பது

சால்வர் விடை சொல்லி நிற்கும் சின்னப் பெட்டியில் வலது பக்கம் சென்சிடிவிட்டி என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தொடாமலே ஓகே கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு விடையைவிட இந்த ரிப்போர்ட் முக்கியம். கலவை இன்றைக்கு ஒருநாள் செய்தி, ரிப்போர்ட் வாரம் முழுக்க வாங்கல் விற்றலுக்கு உதவும்.

அதில் புரத வரிசையில் ஷேடோ பிரைஸ் என்ற பத்தியில் 60 என்று இருக்கும். தேவையை 17-லிருந்து 18 ஆக்கினால் செலவு 60 ரூபாய் ஏறும் என்று அர்த்தம். பக்கத்தில் அலவபிள் இன்க்ரீஸ் 1.8875 என்று இருக்கும், அதாவது 18.8875 வரைதான் இந்த 60 ரூபாய் கணக்கு செல்லும். அதைத் தாண்டினால் எரிசக்தி இடிக்க ஆரம்பித்து விலை மாறும். எரிசக்தி வரிசையில் ஷேடோ பிரைஸ் பூஜ்யம். நமக்கு வேண்டியது 250, கிடைத்தது 255.4, கையில் மிச்சம் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் கேட்டால் செலவு ஏறாது.

தவிட்டின் வரம்புக்கு என்ன விலை? இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. வரம்பை நேரடியாக மாறி செல்லின்மீது போட்டதால், எக்ஸெல் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் காட்டாது. மேலே மாறிகள் பட்டியலில் ரெட்யூஸ்டு காஸ்ட் பத்தியில் -11.6 என்று காட்டும். 15-ஐ 16 ஆக்கினால் 11.60 ரூபாய் மிச்சம். ஐந்து கிலோ கூட்டினால் 58, அதோடு செலவு 2522-க்கே திரும்பிவிடுகிறது பாருங்கள், கணக்கு அப்படியே பொருந்துகிறது. நூறு கிலோவுக்கு 58 ரூபாய் என்றால் ஒரு டன்னுக்கு 580. தவிட்டுக்கு 15 என்று சொன்னவரிடம் போய், இந்த வரம்பு எவ்வளவு உறுதி, 17 போனால் கோழிக்கு என்ன ஆகும் என்று கேட்க இப்போது உங்களிடம் ஓர் எண் இருக்கிறது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வியாபாரி ஒருவர் போன் செய்து, கடலைப் புண்ணாக்கு இருக்கிறது, 40 சதம் புரதம், கிலோ 41 ரூபாய், வேண்டுமா என்கிறார். மறுபடி மாடலை ஓட்டாமலே பதில் சொல்லலாம். மொத்த எடை வரிசையின் ஷேடோ பிரைஸ் 18.60. ஒரு கிலோ எந்தப் பொருள் வந்தாலும் எடைக்காக அதற்கு 18.60 மதிப்பு, அதில் உள்ள 0.40 கிலோ புரதத்துக்கு 60 வீதம் 24 ரூபாய் மதிப்பு, ஆக 42.60. கேட்கும் விலை அதற்குக் கீழே இருக்கிறது, வாங்கலாம். 43 கேட்டால் வேண்டாம். சரிபார்க்க வேண்டுமானால் சோயாவை இதே முறையில் போடுங்கள்: 18.60-உடன் 0.44 கிலோவுக்கு 26.40 சேர்த்தால் 45, நாம் கொடுக்கும் விலையேதான். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நச்சான அஃப்லடாக்சின் பயம் உண்டு என்பதால் அதற்கும் ஒரு மேல் வரம்பு வைத்துத்தான் மாடலுக்குள் விட வேண்டும்.

விலைக்கும் இதே மாதிரி எல்லை இருக்கிறது. சோயா வரிசையில் அலவபிள் இன்க்ரீஸ் 1இ+30 என்று விசித்திரமாக இருக்கும், எல்லையே இல்லை என்பதை எக்ஸெல் அப்படித்தான் எழுதும். சோயா 60 ரூபாய் ஆனாலும் கலவை மாறாது, ஏனென்றால் தவிடு ஏற்கெனவே வரம்பில் முட்டி நிற்கிறது, சோயாவுக்கு மாற்றாக வேறு புரதமே நம் பட்டியலில் இல்லை. மக்காச்சோளத்துக்கு 10 முதல் 45 ரூபாய் வரை விலை ஆடினாலும் இதே கலவைதான், மாறுவது பில் தொகை மட்டும். ஒரு நேரத்தில் ஒரு விலை மட்டும் மாறினால்தான் இந்த எல்லைகள் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு விலை சேர்ந்து நகர்ந்தால் மறுபடி ஓட்டிவிடுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

எரிசக்தித் தேவையை 275 ஆக்கிப் பாருங்கள். எல்லாக் கட்டுப்பாட்டையும் பூர்த்தி செய்யும் விடை கிடைக்கவில்லை என்று சால்வர் கைவிரித்துவிடும், எது இடிக்கிறது என்று சொல்லாது. கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டிப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, காலியாக இருக்கும் 6-ஆம் வரிசையில் பற்றாக்குறை என்று ஒரு போலிப் பொருளைச் சேர்ப்பது: விலை 1000 ரூபாய், எரிசக்தி 1, மற்ற சத்து பூஜ்யம். சம்ப்ராடக்ட் ஃபார்முலாவையும் மாறி செல்களையும் 6 வரை நீட்டுங்கள், பி7-இல் உள்ள எடைக் கூட்டலில் மட்டும் சேர்க்காதீர்கள். இப்போது ஓட்டினால் பற்றாக்குறை 3.43 என்று வரும். அதாவது இந்த நான்கு பொருளை எப்படிக் கலந்தாலும் 271.57-க்கு மேல் எரிசக்தி ஏறாது, எண்ணெய் மாதிரி எரிசக்தி மிகுந்த ஒன்று பட்டியலுக்கு வர வேண்டும்.

லீனியர் இல்லை என்று சால்வர் மறுத்தால் பெரும்பாலும் இஃப், மேக்ஸ், ரவுண்டு மாதிரி ஃபார்முலா ஏதாவது மாறி செல்லைத் தொட்டிருக்கும், அல்லது ஒரு மாறியை இன்னொரு மாறியால் பெருக்கி வகுத்திருப்பீர்கள். சதவீதக் கட்டுப்பாட்டில் இது அடிக்கடி நடக்கும். மொத்த எடை 100 என்று நிலையாக இல்லாமல் அதையும் சால்வரே முடிவு செய்யும் மாடலில், புரதத்தை எடையால் வகுத்து 0.17-க்கு மேல் என்று எழுதினால் அது லீனியர் கிடையாது. புரதம் ≥ 0.17 × எடை என்று எழுதுங்கள், அர்த்தம் அதேதான், சிம்ப்ளெக்ஸ் ஏற்றுக்கொள்ளும். குறிக்கோள் எல்லையில்லாமல் போகிறது என்று செய்தி வந்தால் ஏதோ ஒரு முக்கியமான வரம்பையே விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முழு எண் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. 52.14-ஐ 52 என்றும் 22.86-ஐ 23 என்றும் கையால் மாற்றினால் புரதம் 17.05, செலவு 2583, எல்லாம் சரியாகவே இருக்கிறது. கிலோ மாதிரி சின்ன அலகில் இப்படி மாற்றலாம், மாற்றியபின் 7-ஆம் வரிசையை ஒருமுறை பார்த்தால் போதும். லாரி எத்தனை, ஆள் எத்தனை ஷிஃப்ட் என்று வரும்போது 2.6-ஐ 3 ஆக்குவது பெரிய வித்தியாசம்; அப்போது கட்டுப்பாட்டில் அந்த செல்களுக்கு இன்ட் என்று போடுங்கள். ஆனால் எக்ஸெல் ஆப்ஷன்ஸில் இன்டிஜர் ஆப்டிமாலிட்டி 1 சதம் என்று இருக்கும், உண்மையான குறைந்த செலவுக்கு ஒரு சதத்துக்குள் வந்ததும் நின்றுவிடலாம் என்று அர்த்தம். அதை 0 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். இன்ட் போட்டால் சென்சிடிவிட்டி ரிப்போர்ட் கிடைக்காது, ஆகவே முதலில் இன்ட் இல்லாமல் ஒருமுறை ஓட்டி ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

எக்ஸெல்லோடு வரும் சால்வர் 200 மாறி வரைதான் எடுக்கும். பத்துப் பண்ணை, பன்னிரண்டு பொருள், நான்கு வாரம் என்று போனாலே 480 ஆகிவிடும். அந்த நிலை வந்தால் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்சால்வர் என்ற இலவச ஆட்-இன்னைப் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸெல் சால்வரில் அமைத்த மாடலை அப்படியே படித்துக்கொள்ளும், ஷீட்டை மாற்றி எழுத வேண்டியதில்லை.